சௌந்தரராஜன் பூசிய சேறு

பழைய நைலான் சேலைத் துண்டைத் தேநீர் வடிகட்டியின் மேல் விரித்து, அதில் ஒரு கரண்டி மண்ணைப் போட்டு, சுண்டுவிரலால் தட்டிக்கொண்டிருக்கிறார் சௌந்தரராஜன். கீழே விரித்த தாளில் விழுவது முகத்துக்குப் போடும் பவுடர் போல இருக்கிறது. அவருக்கு அதிலும் திருப்தி இல்லை. இன்னொரு தடவை சலிக்கிறார். பிறகு ஹோமியோபதிக் குப்பி ஒன்றில் அதை அடைத்து, மேலே காகிதம் ஒட்டி, 'சூளகிரி, ரோட்டோரம், சித்திரை' என்று எழுதி அலமாரியில் வைக்கிறார். அங்கே ஏற்கெனவே நாற்பத்து மூன்று குப்பிகள் நிற்கின்றன. நாற்பத்து மூன்றிலும் மண்தான்.

"வீட்டுல இருக்க தூசியத் தட்டுததுக்கு ஆளில்ல. இவரு தூசியப் பாட்டில்ல சேக்காரு" என்பார் அவர் மனைவி பவளம். சங்கரன்கோவிலை விட்டு ஓசூருக்கு வந்து இருபத்தெட்டு வருடம் ஆகியும் இருவர் பேச்சிலும் ஊர் அப்படியே இருக்கிறது. மூக்கண்டப்பள்ளியில் அவர்கள் வீட்டு மாடியில்தான் நான் குடியிருக்கிறேன். வாடகைக்கு வந்த முதல் வாரமே அவர் என்னிடம், "சார், வெளியூர் போனா ஒரு பிடி மண்ணு கொண்டாங்க" என்று கேட்டார். மனிதர் சற்று மறை கழன்றவர் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

மண், பொம்மை வண்டிகளுக்குப் பூச. பொம்மை என்று சொன்னால் அவர் முகம் சுருங்கிவிடும், "மாடல்" என்று திருத்துவார். லாரி, ஜீப், டாங்கி எதுவானாலும் அசலை முப்பத்தைந்தில் ஒரு பங்காகச் சுருக்கிச் செய்கிற வேலை அது. பிளாஸ்டிக் பாகங்கள் வெளிநாட்டிலிருந்து பெட்டியில் வரும். நம் ராணுவ வண்டிகளுக்கு அப்படிப் பெட்டி கிடைப்பது அரிது என்பதால் பாதியை அவரே செய்துகொள்வார். மாத்திரை அட்டையின் பிளாஸ்டிக் முன்கண்ணாடி ஆகும். மருந்து ஊசியின் குழல் புகைபோக்கி ஆகும். பசையில் நனைத்த டிஷ்யூ காகிதம் தார்ப்பாய். முதல் ஷிப்ட் முடிந்து வந்ததும் ஜன்னலோரம் உட்கார்ந்துவிடுவார். விளக்கு வெளிச்சத்தில் நிறம் பொய் சொல்லும் என்பதால், பொழுது சாய்ந்ததும் தூரிகையைக் கழுவிவிடுவார்.

தொழிற்சாலையில் அவருக்கு வாய்த்தது நேர் எதிரான வேலை. சிப்காட்டில் ஒரு வாகன ஆலையின் பெயிண்ட் ஷாப்பில் அவர் இன்ஸ்பெக்டர். வரிசையாக எரியும் குழல் விளக்குகளின் கீழே, வண்ணம் பூசி வருகிற ஒவ்வொரு கதவையும் கையுறை போட்ட கையால் தடவிப் பார்க்கிறார். வண்ணத்துக்குள் கடுகில் பாதி அளவு தூசி மாட்டியிருந்தாலும் கதவு திரும்பிப் போய்விடும். அப்படி நாளெல்லாம் தூசியைத் துரத்திவிட்டு வருகிற மனிதர் வீட்டில் உட்கார்ந்து தூசி பூசுகிறாரே என்று ஒருநாள் கேலி செய்தேன். அவர் சிரிக்கவில்லை.

"சுத்தமா இருந்தா அது ஷோரூம்ல நிக்க வண்டி சார். அழுக்குப் பட்டாத்தான் ஒருத்தன் ஓட்டுன வண்டி, பாத்துக்கிடுங்க" என்றார்.

அவர் வேலையைப் பார்த்தபின் எனக்கும் அது சரியென்றே பட்டது. பச்சை அடித்த கதவின் விளிம்பில் ஊசி முனையளவுக்குத் துரு வைப்பார். டிரைவர் கால் வைத்து ஏறும் படியில் மட்டும் வண்ணம் தேய்ந்திருக்கும். பின் சக்கரம் வாரி அடித்த சேறு பக்கப் பலகையில் எந்த உயரம் வரை தெறிக்கும் என்பதற்கு, தேசிய நெடுஞ்சாலையில் நின்று லாரிகளைப் பார்த்து நோட்டில் படம் போட்டு வைத்திருக்கிறார். முன்பு அவரைப் பற்றி நினைத்ததற்காக நான் வெட்கப்பட்டேன்.

சென்ற ஆண்டு அவருடைய பெயிண்ட் ஷாப்பில் வண்ணம் படக்கூடாத இடங்களில் டேப் ஒட்டும் பிரிவில் வேலை செய்யும் சுவேதா என்ற பெண் அவரிடம் வந்தாள். ஓசூருக்குப் பக்கத்துப் பேரிகைக்காரி. அவள் அண்ணன் சின்னராஜ் ராணுவத்தில் லாரி டிரைவர். வடக்கே ஒரு மலைப்பாதையில் மண் சரிந்து, அவனை வண்டியோடு மூடிவிட்டது. இரண்டு நாள் கழித்து அவன் உடலை மட்டும் எடுத்தார்கள். லாரி இன்னும் அங்கேதான் கிடக்கிறது. ஊருக்குப் பெட்டி வந்தபோது, திறக்க வேண்டாம் என்று கூட வந்தவர்கள் சொல்லிவிட்டார்கள். அம்மா முனிலட்சுமி பெட்டியின் மேல் கையை வைத்தபடியே உட்கார்ந்திருந்தாராம்.

"மொகத்ததான் காட்டல. அவன் ஓட்டுன வண்டியையாவது பாக்கணும்னு அம்மா சொல்லிக்கினே இருக்குது சார்" என்றாள் சுவேதா. வருஷ திதிக்கு முன்னால் செய்து தர முடியுமா என்று கேட்டாள்.

நான்கு மாதம். அந்த நான்கு மாதமும் சௌந்தரராஜன் வேறு எதையும் தொடவில்லை. கையில் இருந்தது அண்ணன் தங்கைக்கு அனுப்பிய மூன்று புகைப்படங்கள்தான். ஸ்டெப்னி எந்தப் பக்கம், பின்கதவுக்கு எத்தனை கொக்கி என்று சின்னராஜோடு ராணுவத்தில் இருந்த நண்பன் ஒருவனைப் போனில் பிடித்துப் பிடித்துக் கேட்டார். அவன் வண்டி ஓட்டிய ஊர் மண் என்ன நிறம் என்று கேட்டதற்கு, சாம்பல் நிறம், கொஞ்சம் நீலம் ஓடும் என்றான். அவர் குப்பிகள் எதிலும் அது இல்லை. சிமெண்டையும் விறகுச் சாம்பலையும் சாக்கட்டித் தூளையும் கலந்து பதினொரு நாள் திண்டாடினார். கடைசியில் படம் எடுத்து அனுப்பியதும், அச்சு அசல் இதுதான் என்று நண்பன் எழுதினான். அன்றைக்குப் பவளத்தம்மாள் எனக்கும் சேர்த்துப் பாயசம் வைத்தார்.

புகைப்படங்களில் லாரி பளபளவென்று இருந்தது. பானெட்டில் ஒரு கையை ஊன்றிச் சின்னராஜ் நிற்கிறான், அவன் பிம்பம் பச்சை வண்ணத்தில் தெரிகிறது. "வண்டி சுத்தமாத்தானே இருக்கு?" என்று நான் கேட்டேன்.

"போட்டோவுக்காகக் கழுவியிருக்கான் சார். பெயிண்ட் ஷாப்புக்காரன், எனக்குத் தெரியாதா?" என்றார். நானும் விட்டுவிட்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் சுவேதா அம்மாவைப் பேரிகை பஸ்ஸில் அழைத்து வந்தாள். முனிலட்சுமிக்கு ஐம்பத்தைந்து இருக்கலாம். கையில் ஒரு பை பீன்ஸ், தோட்டத்தில் பறித்தது. அதைப் பவளத்திடம் கொடுத்துவிட்டு, நாற்காலி வேண்டாமென்று தரையிலேயே உட்கார்ந்தார். சௌந்தரராஜன் ஒரு சாண் நீளம்கூட இல்லாத அந்த லாரியைக் கொண்டுவந்து முக்காலியின் மேல் வைத்தார். சக்கரம், படி, பக்கப் பலகை எங்கும் சாம்பல் நிறச் சேறு. பானெட்டில் புழுதி. முன்கண்ணாடியில் வைப்பர் ஓடிய இடம் மட்டும் இரண்டு பிறைகளாகத் தெளிவாக இருந்தது. அதைவிட நல்ல வேலையை நான் அவரிடம் பார்த்ததில்லை.

முனிலட்சுமி வெகு நேரம் பார்த்தார். தொடவில்லை.

"அண்ணா, இது மண்ணு வுழுந்த பொறவு இருந்த மாதிரிங்களா?"

சௌந்தரராஜனுக்குப் புரியவில்லை. "என்னம்மா?"

"வண்டிய எடுக்கவே இல்லன்னு சொன்னாங்க. இந்த மண்ணுதான் எம்புள்ள மேல வுழுந்துச்சா?"

சுவேதா அம்மாவின் தோளைப் பிடித்தாள். "இல்லமா. ஓட்டுன வண்டி மாதிரி தெரியணும்னு சார் பூசுனது."

"அவன் இப்பிடி நிக்க வெக்க மாட்டானே. டிராக்டரு ஓட்டிட்டு வந்தாக்கூட, அதக் கழுவி வுட்டுட்டுத்தான் சோத்துல கைய வெப்பான்" என்றார் அந்த அம்மா. குற்றம் சொல்கிற குரலே இல்லை. யாரோ தெரியாமல் தவறான வீட்டைக் காட்டிவிட்டதைத் திருத்துவது போல, பொறுமையாகச் சொன்னார்.

எனக்கு எழுந்து போய்விடலாம் போலிருந்தது. பதினொரு நாள் அந்த மண்ணைத் தேடியபோது, அது எந்த மண் என்று சௌந்தரராஜனுக்குத் தோன்றவில்லை. பாயசம் குடித்த எனக்கும் தோன்றவில்லை. நிறம் பொருந்தியதா என்று மட்டும் பார்த்துக்கொண்டிருந்தோம். சௌந்தரராஜனின் முகத்தை நான் பார்க்கவே பயந்தேன். அவர் விளக்கம் எதுவும் சொல்லவில்லை. "தப்புப் பண்ணிட்டேம்மா" என்றார், அவ்வளவுதான்.

உள்ளே போய்ப் பாட்டில் மூடியில் கொஞ்சம் தின்னரும், காது குடையும் பஞ்சுக் குச்சிகள் ஒரு கட்டும் கொண்டுவந்தார். வண்ணத்துக்கு மேல் வார்னிஷ் அடித்துத்தான் சேறு பூசியிருந்தார், அதனால் துடைத்தால் வந்துவிடும். முக்காலியைத் தள்ளிவிட்டு லாரியைத் தரையில் வைத்து, எதிரே தானும் உட்கார்ந்து, குச்சியை நனைத்துப் பானெட்டில் வைத்தார். பஞ்சு சாம்பல் நிறமானது. அடியிலிருந்து பச்சை வந்தது.

முனிலட்சுமி இரண்டு மூன்று குச்சி வரைக்கும் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு கையை நீட்டினார்.

"குடுங்கண்ணா."

கதவைத் துடைத்தார். படியைத் துடைத்தார். சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் தங்கியிருந்ததைக் குச்சியின் முனையால் நெம்பி எடுத்தார். அழுக்கான குச்சிகளைச் சுவேதா வாங்கி வாங்கித் தாளில் வைத்தாள். கண்ணீர் வந்தபோது அந்த அம்மா புறங்கையால் ஒதுக்கிக்கொண்டார், துடைப்பதை நிறுத்தவில்லை. அந்தப் பக்கம் முழுதும் பச்சையாகிவிட்டது.

சௌந்தரராஜன் இரண்டு கையாலும் லாரியைத் தூக்கி, அந்த அம்மாவுக்கு எட்டும்படி மறுபக்கத்தைத் திருப்பி வைத்தார்.