சோலார் பக்கத்து வீட்டுக்குப் போனது

வசதியில்லாத வீடுகளுக்குக் கோயில் இளைஞர்கள் சின்ன சோலார் பலகையும் பேட்டரியும் ஒரு ஃபேனும் கொடுக்கிறார்கள். இன்று எங்கள் இன்சீன் தெருவில் வீடு வீடாகப் பார்க்க வந்தார்கள்.

வருகிறார்கள் என்று தெரிந்ததும் நான் வீட்டைக் கழுவி, மகனுக்குப் புதுச் சட்டை போட்டு, டீயும் போட்டு வைத்தேன். பட்டம் வாங்கிய புத்தி, கௌரவம் பார்த்தது!

வந்தவர்களில் மூத்தவரான கோ ரவி (பர்மிய வழக்கில் ஆண்களுக்கு 'கோ', பெண்களுக்கு 'மா') சுற்றிப் பார்த்தார்.

"ஃபிரிட்ஜெல்லாம் இருக்கே, தங்கச்சி."

"அது ஓடி ரெண்டு வருஷமாச்சுண்ணே. கரண்டு எங்க நிக்குது? உள்ள பிள்ளை துணிதான் வச்சிருக்கேன்."

சிரித்தார். பெயரை எழுதிக்கொள்ளவில்லை.

பக்கத்து வீட்டு மா மாலா கரியடுப்புப் புகையோடு அப்படியே கதவைத் திறந்தாள். அவளுக்கு உடனே கிடைத்துவிட்டது. அவள் கணவருக்கும் என் கணவருக்கும் ஒரே தொழிற்சாலை, ஒரே சம்பளம்!

மாலையில் கரண்டு போனதும், வேர்க்குரு தாங்காமல் மகன் அழ ஆரம்பித்தான்.

"அடியே, பிள்ளைய இங்க கொண்டா. காத்துல தூங்கட்டும்," என்று மாலா கூப்பிட்டாள்.

கொண்டுபோனேன். ஐந்து நிமிடத்தில் தூங்கிவிட்டான். நன்றி சொன்னேன், சத்தியமாக மனதோடுதான்.

ஆனாலும் வயிறு எரிகிறது. உங்களுக்கென்றால் எரியாதா? உண்மையைச் சொல்லுங்கள்.