லைன்மேனுக்குத் தெரிந்த பாதி மரம்

லைன்மேன் ஓய்வு பெற்ற வருஷமே அவருக்குப் பக்கவாதம் வந்துவிட்டது. இடது கையும் காலும் விழுந்துவிட்டன. பேச்சு மட்டும் குறையவில்லை. அவரைக் குளிப்பாட்டவும், புரட்டிப் படுக்க வைக்கவும், சக்கர நாற்காலியில் உட்கார வைக்கவும் என்னை அமர்த்தியிருந்தார்கள். எனக்கும் வயதாகிவிட்டது, மூட்டுவலி உண்டு. ஆனால் ஆளைத் தூக்குவதற்குப் பலம் அவ்வளவு வேண்டாம். பிடிக்கத் தெரிந்தால் போதும்.

மின்கம்பியில் உரசும் கிளைகளைக் கழிப்பதும் அவர் பார்த்த வேலையில் ஒரு பகுதி. அவர் வீடு முதல் மாடியில். எதிரே சாலையோரம் நெடுக ஒரே வகை மரம். வருஷத்தில் ஒரு வாரம், இலையே இல்லாமல், கொம்பு முழுக்க இளஞ்சிவப்பாகப் பூக்கும். பலமாக ஒரு காற்று அடித்தால் தீர்ந்தது. அந்த வாரம் மட்டும் லைன்மேன் அரிவாளைத் தொட மாட்டார். ஏணி சரியில்லை, வண்டி வரவில்லை என்று ஏதாவது சாக்குச் சொல்லி மேலதிகாரியிடம் பாட்டு வாங்குவார். அதற்காகப் பூவை நின்று பார்த்தாரா என்றால் அதுவும் இல்லை. வெயில் ஏறும் பருவம், ஊரெல்லாம் ஃபியூஸ் போகும், ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ரிட்டையர் ஆனதும் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்க்கப் போகிறேன் என்று கல்யாணம் ஆன நாளிலிருந்து சொல்லிக்கொண்டிருந்ததாக அவர் மனைவி சொன்னாள்.

ஜன்னலுக்கு நேர் எதிரே நின்ற மரம் பூத்தது. நாற்காலியை ஜன்னலுக்கு நேராக நிறுத்தினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். முகம் மாறியது.

“எவன் வெட்டினது?”

“எதை?”

“கண்ணு தெரியலையா போலீஸம்மா? மரத்துல பாதியக் காணோம். பூத்து நிக்கிற நேரத்துல எந்தப் படுபாவி கத்தி வெச்சான்?”

போலீஸம்மா என்பது அவர் எனக்கு வைத்த பெயர். மரம் முழுசாகத்தான் நின்றது.

மனைவி ஈரக்கையோடு வந்து எட்டிப் பார்த்தாள். “ஒரு குச்சிகூடப் போகலையேங்க.”

“நீ எதத்தான் ஒழுங்கா பாத்திருக்க?”

எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. மூளையின் வலது பக்கம் அடிபட்டவர்கள் சிலருக்கு இடது பக்கம் என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். கண்ணில் கோளாறு இல்லை. மூளை அந்தப் பக்கத்தைக் கணக்கில் எடுப்பதில்லை. லைன்மேன் தட்டில் வலது பாதியை மட்டும் சாப்பிட்டுவிட்டு, “எனக்கு இவ்வளவுதானா?” என்று சண்டைக்கு வருவார். தட்டைத் திருப்பி வைப்பேன். மீதியையும் சாப்பிடுவார். மனைவியிடம் இதைச் சொன்னேன்.

“மரத்தைத் திருப்ப முடியுமாக்கா?” என்றாள். கேலியாகக் கேட்கவில்லை. “ஒரு வாரந்தான் இருக்கும். ஏதாச்சும் பண்ணுங்க. இத்தனை வருஷம் இதுக்குத்தான் காத்துக்கிட்டிருந்தார்.”

ஜன்னலின் இடது கம்பியில் சிவப்புத் துணி கட்டி, அதைத் தேடிப் பார்க்கச் சொன்னேன். தேடினார், துணியைக் கண்டுபிடித்தார், மரம் பாதியாகவே இருந்தது. நாற்காலியை இடது ஓரத்துக்குத் தள்ளி மரம் முழுவதையும் அவருடைய வலப்பக்கம் கொண்டுவந்தேன். அப்போதும் அந்த மரத்தின் வலது பாதிதான் அவருக்கு மரம். இப்படியும் சிலருக்கு வரும்.

மரத்தைத் திருப்ப முடியாது, ஆளைத் திருப்பலாம் என்று தோன்றியது. மரத்துக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் வீட்டைப் பார்க்க உட்கார வைத்தால் காணாமல் போன பாதி வலப்பக்கம் வந்துவிடும். அவரோடு வேலை பார்த்த கூட்டாளி ஒருவர் பக்கத்துத் தெருவில் இருந்தார். அவரை வரச்சொல்லி, நாற்காலியோடு படியிறக்கினோம்.

“மெதுவாடா. இது டிரான்ஸ்பார்மர் இல்ல, ஆளு” என்றார் லைன்மேன். நல்ல குஷியில் இருந்தார்.

“டிரான்ஸ்பார்மரே தேவல மச்சான். வாய் கிடையாது.”

சாலையைக் கடந்து, மரத்தையும் தாண்டிப் போய், நாற்காலியை மரத்தைப் பார்க்கத் திருப்பினேன். லைன்மேன் வாயைத் திறந்தபடி பார்த்தார்.

“இருக்கேடா” என்றார். “அந்தக் கோணக் கொம்பு அப்படியே இருக்கு. எத்தன தடவ என் சட்டையைக் கிழிச்சிருக்கு.”

மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவ்வளவுதான் எங்கள் சந்தோஷம். கோணக் கொம்பிலிருந்து அவர் பார்வை வலப்பக்கமே நகர்ந்து, மரத்தின் ஓரத்தில் போய் நின்றது.

“வீட்டுலேர்ந்து தெரிஞ்ச பாதி எங்க?”

மனைவி என் கையை விட்டுவிட்டாள்.

“காலையில பாத்தேனே. அதையும் வெட்டியாச்சா?” கூட்டாளியைப் பார்த்தார். “என்னைச் சுத்த விட்டுட்டுப் பின்னாடியே ஆள விட்டு வெட்டுறியா? இதுக்குத்தான் கூட்டிட்டு வந்தியா?”

“மச்சான், நானே ரிட்டையர் ஆயிட்டேன். என் பேச்சை எவன் கேக்குறான்? சத்தியமா யாரும் வெட்டல. முழுசா நிக்குது.”

“பொய் வேற சொல்ற.”

அவரை நாற்காலியோடு மேலே கொண்டுவந்து சேர்த்தோம். கூட்டாளி தண்ணீர்கூட வாங்கிக் குடிக்காமல் செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டு போனார். மறுபடி வரவில்லை.

மறுநாள் காலை மரம் இன்னும் அடர்த்தியாகப் பூத்திருந்தது. லைன்மேன் திரையை இழுத்துவிடச் சொன்னார்.

“இன்னும் ரெண்டு நாளைக்கு இருக்குமேங்க” என்றாள் மனைவி.

“வெட்டிப் போட்டத உக்காந்து பாக்கச் சொல்றியா?”

அவள் என்னைப் பார்த்தாள். தலை திருப்பப் பயிற்சி உண்டு, மாதக்கணக்கில் செய்தால் சிலருக்குக் கொஞ்சம் தேறும். பூவுக்கு மாதக்கணக்கெல்லாம் கிடையாது. திரையை இழுத்துவிட்டேன்.

“நான் இருக்கேன், நீயாவது கீழ போய்ப் பாத்துட்டு வா” என்றேன் அவளிடம்.

“நான் போய் என்னத்தக்கா பாக்க?” என்று காய் நறுக்க உட்கார்ந்துவிட்டாள்.

அன்று சாயங்காலமே காற்று எழுந்தது. திரை உப்பி உப்பி அடங்கியது. லைன்மேன் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“மிச்சம் வெச்சிருந்ததும் கொட்டிடும்” என்றார்.

திறக்கட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்றார்.