அடைப்புக்குறிக்குள் பேசுகிறவர்கள்

மாப்பிள்ளை என்னிடம் கேட்டது வண்ணம் மட்டும்தான்.

அவர் என் தங்கையின் கணவர். உத்திரமேரூரிலிருந்து வாலாஜாபாத் போகும் சாலையில், நெல்வயலை ஒட்டிய தகர ஷெட்டில் இரண்டு கடைசல் மெஷின்கள் வைத்திருக்கிறார். கம்ப்யூட்டர் சொல்கிறபடி தானே இரும்பைச் சீவும் ரகம். ஒன்று ஓடுகிறது. இன்னொன்று நீலத் தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு, கல்யாணத்துக்கு வந்தும் யாரும் சாப்பிடக் கூப்பிடாத உறவுக்காரர் மாதிரி மூலையில் நிற்கிறது.

பம்ப் செய்யும் கம்பெனி ஒன்று நாலு வார்ப்புகளை மாதிரிக்குக் கொடுத்திருந்தது. சரியாகக் கடைந்து காட்டினால் நிரந்தர வேலை, தார்ப்பாயைக் கழற்றலாம். தவறினால் இரண்டாம் ஷிஃப்டை நிறுத்துவதைத் தவிர வழியில்லை. இரண்டாம் ஷிஃப்ட் என்பது ஒரே ஒரு ஆள். திருப்புலிவனத்திலிருந்து பைக்கில் வருகிறவன், கைக்குழந்தைக்காரன். மெஷின் பழகுவதற்கு முன்னால் கட்டட வேலையில் கல் சுமந்தவன். ஷிஃப்ட் நின்றால் மறுபடியும் கல்தான். அது ஷெட்டில் எல்லோருக்கும் தெரியும். அவனுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

"வெள்ளிக்கெழம கம்பெனி ஆளு வராரு மச்சான். நம்ம ஸ்கிரீனப் பாத்தா மளிகக் கட பில்லு மாதிரி கீது. கலர் கலரா இருந்தா நாமளும் ஒரு கம்பெனி மாதிரி தெரியும்ல?"

நான் வீட்டிலிருந்தபடி சென்னைக்கு மென்பொருள் எழுதிக் கொடுப்பவன். மிச்ச நேரத்தில் கவிதை போலவும் உரைநடை போலவும் எதையோ எழுதி இரண்டு தரப்பின் அதிருப்தியையும் சம்பாதிப்பவன். எனவே வண்ணம் என்றதும் எனக்குக் கை அரித்தது.

மெஷினுக்கான கட்டளைகளை ஷெட்டின் கண்ணாடி அறையில் இருக்கும் கம்ப்யூட்டரில், ஒரு எடிட்டரில் தட்டுவார்கள். எடிட்டர் என்பது எழுதுபலகைதான். ஆனால் தனக்குத் தெரிந்த மொழியாக இருந்தால் வினைக்கு ஒரு நிறம், எண்ணுக்கு ஒரு நிறம் என்று பூசிக் காட்டும். பெயர் கேள்விப்படாத தேசத்து மொழிகள்கூட அதன் பட்டியலில் இருந்தன. இரும்பு சீவும் மொழி மட்டும் இல்லை. அந்த மொழியில் இலக்கியம் கிடையாது. வேகமாகப் போ, மெதுவாக வெட்டு, தண்ணீர் ஊற்று, நில். அவ்வளவுதான். பல பேரின் வாழ்க்கை வரலாற்றை அதிலேயே எழுதி முடித்துவிடலாம்.

எது எது எந்த நிறம் என்று எடிட்டருக்குச் சொல்லும் விதிகளை எழுத உட்கார்ந்தேன். உட்கார்ந்தேன் என்பது மரியாதைக்குச் சொல்வது. வராந்தாவுக்கும் சமையலறைக்குமாக நடந்தேன். மெதுவாக வெட்டும் வரிக்கு நாற்றின் பச்சை. தண்ணீர் ஊற்றும் வரிக்கு மழை நின்ற மறுநாள் ஏரியின் நீலம். வெட்டாமல் பாய்ந்து போகும் வரிக்கு வற்றல் மிளகாயின் சிவப்பு. அந்தச் சிவப்பைத் தேர்ந்தெடுக்க ஒரு ஞாயிற்றுக்கிழமையே போயிற்று. "மெளகாவ வெச்சிகினு இன்னா அப்டி பாத்துனு கீற?" என்று அம்மா கேட்டாள். வேலை என்றேன்.

கடைசியாக அடைப்புக்குறிகள் மிஞ்சின. அந்த மொழியில் அடைப்புக்குறிக்குள் எழுதுவதை மெஷின் படிக்காமல் தாண்டிப் போய்விடும். மனிதர் மனிதருக்கு எழுதிக்கொள்ளும் குறிப்பு அது. உலகமெங்கும் எடிட்டர்களில் குறிப்புகளுக்குப் பெரும்பாலும் ஒரே நிறம்தான், மங்கிய சாம்பல். நானும் யோசிக்காமல் சாம்பலைக் கொடுத்தேன். யாரும் படிக்காததையே இத்தனை வருடம் எழுதி வந்திருக்கிறவன், படிக்கத் தேவையில்லாதது எது என்று அத்தனை எளிதாக முடிவு செய்தேன்.

அந்த ஷெட்டில் அடைப்புக்குறிக்குள் ஒரு குடித்தனமே நடந்துகொண்டிருந்தது. காலை ஷிஃப்டில் நாற்பது வயது அக்கா ஒருவர். மதியத்துக்கு மேல் அந்த பைக்குக்காரன். இவர் கிளம்பும் அவசரம், அவன் வரும் அவசரம். நின்று பேச நேரமில்லாததால் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் தமிழைத் தட்டி, கட்டளைகளுக்கு நடுவே விட்டுப் போவார்கள்.

(தம்பி இந்த டூல் மொனை தேஞ்சிகினு கீது மாத்திடு)

(மாத்திட்டேன். டிபன் பாக்ஸுல மோர் மொளகா சூப்பர்க்கா)

(உன் பொண்டாட்டிய செய்ய சொல்லு)

(அவளுக்கு வராது. அவகிட்ட சொல்லிடாதீங்க)

இவற்றுக்கு நடுவே மெஷின், ஒன்றும் காதில் விழாத பெரிய மனிதரைப் போல, தன் வரிகளை மட்டும் படித்து இரும்பைச் சீவிக்கொண்டிருந்தது.

என் வண்ணங்களை ஏற்றியது ஒரு புதன்கிழமை. மாப்பிள்ளை திரையைப் பார்த்து, "பொங்கலுக்கு சுண்ணாம்பு அடிச்ச வூடு மாதிரி கீது மச்சான்" என்று பூரித்தார். அக்கா அதற்குள் இரண்டு வார்ப்புகளை முடித்துத் துடைத்து வைத்துவிட்டு, இன்னும் வராத ஷேர் ஆட்டோவுக்காக வாசலில் நின்றார். பைக்குக்காரன் மூன்றாவதை முடித்தான். நான் டீ குடித்தபடி, மேற்கு வெயில் சாய்ந்து விழுந்த திரையில் என் மிளகாயை ரசித்துக்கொண்டிருந்தேன்.

நாலாவது வார்ப்பை மாட்டி அவன் பொத்தானை அழுத்தினான். வெட்டும் டூல் பாய்ந்தது. இரும்பு இரும்பை அறைந்த சத்தத்தில் வயலிலிருந்த கொக்குகள் ஒட்டுமொத்தமாக எழுந்தன. அவன் சிவப்புப் பொத்தானைக் குத்தி நிறுத்தினான். வார்ப்பின் மூக்கு, முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதி, முறிந்து கிடந்தது.

அக்கா ஓடி வந்தார். முதலில் அவனுடைய கைகளைப் பிடித்துப் புரட்டிப் பார்த்தார். விரல்கள் எல்லாம் இருந்தன. அதன் பிறகுதான் வாயைத் திறந்தார்.

"நாலாவது காஸ்டிங்குக்கு மூக்கு நீளம்னு எய்தி வெச்சிட்டுதானே வந்தேன்? கண்ணு இன்னா பொடனிலயா கீது?"

"இன்னாக்கா எய்தின? எங்க எய்தின? காட்டு."

"வாடா காட்டறேன்."

திரைக்கு முன்னால் வந்து நின்றவரால் தான் எழுதியதைத் தானே கண்டுபிடிக்க முடியவில்லை. மேலே போனார், கீழே வந்தார். மூக்கு திரையில் உரசுமளவுக்குக் குனிந்தார். என் சிவப்பு வரிக்கு நேர் மேலே, வெயிலில் கரைந்து, அது இருந்தது: (தம்பி நாலாவது மூக்கு நீளம். இங்க நிறுத்தி எடம் பாத்து ஓட்டு).

"தோ கீது. ஐய, இத்துமேல எவன் சாம்பல் பூசினது?"

மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். நான் டீ கிளாஸைப் பார்த்தேன்.

"ஏண்ணா, நாங்க பேசிக்கினா உங்களுக்கு அவ்ளோ பேஜாரா கீதா?"

"அப்படியில்லம்மா. உலகம் பூரா அந்தக் கலர்தான் வெப்பாங்க."

"உலகம் பூரா இந்த ஷெட்லயா வேல செய்து?"

பைக்குக்காரன் முறிந்த மூக்கைக் கையில் வைத்துக்கொண்டு தார்ப்பாய் போர்த்திய மெஷினையே பார்த்தபடி நின்றான். அவன் கண்ணில் கல் கனத்தது எனக்குத் தெரிந்தது.

மிளகாய்க்கு ஒரு ஞாயிறு எடுத்துக்கொண்டவனுக்கு, சாம்பலை மாற்ற ஒரு டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை. மஞ்சள் வைத்தேன். கவிதை எதுவுமில்லாத மஞ்சள், சாலையில் பள்ளம் தோண்டினால் வைக்கிறார்களே, அந்தத் தடுப்புப் பலகையின் மஞ்சள். எழுத்தையும் தடிமனாக்கினேன்.

வெள்ளிக்கிழமை கம்பெனிக்காரர் வந்தார். மேஜையில் மூன்று மாதிரிகள் பளபளத்தன. நாலாவதை மாப்பிள்ளை தார்ப்பாய்க்கு அடியில் தள்ளியிருந்தார். அக்கா அதை எடுத்து வந்து, முறிந்த துண்டோடு மேஜையில் வைத்தார். "அது வந்து சார்..." என்று மாப்பிள்ளை ஆரம்பித்தபோது, வந்தவர் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாற்று, ஏரி, மிளகாய் எதுவும் அவர் கண்ணில் படவில்லை. மஞ்சளை மட்டும் எழுத்துக் கூட்டி உரக்கப் படித்தார்.

"தம்பி... நாலாவது... மூக்கு நீளம்."

பையிலிருந்து அளவுகோலை எடுத்தார். துண்டைப் பொருத்தி அளந்தார். மறுபடியும் அளந்தார். பிறகு வார்ப்புப் பட்டறைக்குப் போன் போட்டு, எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, நாங்கள் கேட்கக் கூடாத வார்த்தைகளில் பேசினார். மூக்கு உண்மையிலேயே நீளம்தான். திரும்பி வந்து இன்னும் கொஞ்சம் மஞ்சளைப் படித்தார்.

"மோர் மொளகா யார் வூட்டுது?"

அக்கா கையைத் தூக்கவில்லை. சிரிப்பை முந்தானையில் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டாவது மெஷின் இதுதானா?" என்று அவர் கேட்டு முடிப்பதற்குள் பைக்குக்காரன் தார்ப்பாயை உருவிவிட்டான்.

ஆர்டர் வந்தது. கூடவே நிபந்தனைகளும். மாப்பிள்ளை போனில் எனக்கு ஒவ்வொன்றாகப் படித்துக்கொண்டே வந்து ஓரிடத்தில் நின்றார்.

"மச்சான், புரோகிராம் காப்பி ஒண்ணு அனுப்பணுமாம். ஓட்டத்துக்குத் தேவப்படாத குறிப்பு எதுவும் அதுல இருக்கக் கூடாதாம்."

"எது தேவப்படாதது?"

"அதான்... மஞ்ச."

ஆர்டரை வாங்கிக் கொடுத்த வரிகளைத்தான் ஆர்டர் அழிக்கச் சொன்னது. மாப்பிள்ளைக்கு அழித்துவிடலாம் என்றே இருந்தது. "ஆர்டர் பெரிசா, மோர் மொளகா பெரிசா?" என்றார். பின்னால் யாரோ எதையோ சொல்வது கேட்டது. "அந்தம்மா, அப்ப நாலாவது மூக்க உங்க காப்பியே வந்து சொல்லுமான்னு கேக்குது மச்சான்" என்றார், குரலைத் தாழ்த்தி.

எடிட்டரில் ஒரு பொத்தானைச் சேர்த்தேன். அதை அழுத்தினால் மஞ்சள் எல்லாம் நீங்கிய நகல் ஒன்று தனியாக வரும். கம்பெனிக்குப் போவது அந்த ஊமை நகல். ஷெட்டில் இருப்பது பழைய வாயாடிதான். இரண்டையும் வைத்து மெஷின் ஒரே அளவில்தான் சீவுகிறது, ஆகவே யாரும் யாரையும் ஏமாற்றவில்லை என்று மாப்பிள்ளை அவ்வப்போது, யாரும் கேட்காமலே, சொல்லிக்கொள்கிறார்.

இப்போது இரண்டு மெஷின்களும் ஓடுகின்றன. இரண்டாம் ஷிஃப்டும் இருக்கிறது. போன வாரம் வேறொரு விஷயமாகப் போனவன், புரோகிராம் கோப்பைத் திறந்து பார்த்தேன். முதல் வரிக்கும் மேலே, என் வாழ்நாளில் எனக்கு வந்த ஒரே வாசகர் கடிதம் காத்திருந்தது.

(அண்ணா மஞ்ச கண்ண குத்துது. கொஞ்சம் கொறைங்க)

அதற்குக் கீழே, காலை ஷிஃப்டின் கை:

(கொறைக்காதீங்க. நல்லா குத்தட்டும்)

நான் குறைக்கவில்லை.