மடியில் ஒரு பிடி மண்: வட்டகொடை மலையிலிருந்து இறம்பொடைக்குச் சைக்கிளில்

1961ஆம் ஆண்டு கார்த்திகை மாதம், ஒரு புதன்கிழமை. காலை ஐந்தரை மணிக்கு இறம்பொடைக் கடைவீதியிலிருந்து புறப்பட்டோம். நீர்வீழ்ச்சி இரைவது காதில் விழுந்தது. அது இருந்த திசையில் வெறும் பனிதான் தெரிந்தது. சைக்கிள் கடைக்காரர் ஒரு நாள் வாடகைக்கு ஒன்றரை ரூபாய் கேட்டார். முன் பிரேக் சுமாராகப் பிடிக்கும், பின் பிரேக் பிடிக்காது என்று அவரே சொல்லிவிட்டுத் தந்தார்.

ஓட்டியவர் என் மருமகன் முருகேசு. தோட்டத்து ஸ்டோரில் தேயிலை அரைக்கும் வேலை அவருக்கு. பின்னால் காரியரில் சாக்கை மடித்துப் போட்டு உட்கார்ந்தவள் நான். மருமகனுக்குப் பின்னால் மாமியார் ஒட்டி உட்கார்ந்து போவது எங்கள் பக்கத்தில் இல்லாத வழக்கம். நான் அவர் இடுப்பைப் பிடிக்காமல் சீட்டுக்கு அடியில் இருந்த கம்பிச் சுருளைப் பிடித்துக்கொண்டேன். சைக்கிள் குலுங்கும்போதெல்லாம் அது என் விரலைக் கடித்தது.

இப்படிப் போக வேண்டி வந்த காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் செல்லம்மாவுக்கு அப்போது வயிற்றில் ஆறு மாதம். அதற்கு முன் பெற்றது இரண்டு. ஒன்று ஒன்பது நாள் இருந்தது. மற்றது அழாமலேயே பிறந்தது. இதுவும் தங்காவிட்டால் மகனுக்கு வேறு பெண் பார்ப்பேன் என்று சம்பந்தி வீராயி பீலிக்கரையில், தண்ணீர் பிடிக்க வந்த அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டாள். "உங்க வூட்டுக் கன்னி ஒண்ணு மலையில அனாதையாக் கெடக்குது. வெளக்குப் போட ஆளில்ல. அது சும்மா இருக்குமா?"

அவள் சொன்ன கன்னி என் அக்காள் அழகம்மா. பதினான்கு வயதில் காய்ச்சலில் போனவள். எனக்கு அப்போது பத்து வயது. வட்டகொடைக்கு இரண்டு மைல் இப்பால் இருந்த தோட்டத்தில் அவளைப் புதைத்தோம். இரண்டு வருடத்தில் அப்பா அந்தத் தோட்டத்தை விட்டு எங்களை இறம்பொடைக்குக் கூட்டி வந்துவிட்டார். பிறகு ஒருவரும் அங்கே போகவில்லை. அவள் தலைமாட்டிலிருந்து ஒரு பிடி மண் கொண்டுவந்து, நாங்கள் குடியிருக்கும் லயத்துக்குப் பின்னால் கல் நட்டுக் கும்பிட்டால் குழந்தை தங்கும் என்றார் பூசாரி. அந்த இடம் தெரிந்தவர்களில் உயிரோடு இருப்பவள் நான் ஒருத்திதான்.

மண் எடுத்ததிலிருந்து வீடு சேரும்வரை மூன்று கட்டு. அதைக் கீழே வைக்கக் கூடாது. பேசக் கூடாது. திரும்பிப் பார்க்கக் கூடாது. பஸ்ஸில் தீட்டுக்காரர் யாராவது இடித்துவிடுவார்கள், அதுவும் ஆகாது. அதனால்தான் சைக்கிள்.

தவலந்தென்னைவரை மூன்று மைல் இறக்கம். கண்ணை மூடிக்கொண்டு வந்தேன். சந்தியில் நின்ற பஸ்ஸின் கண்டக்டர் பையன் எட்டிப் பார்த்து, "என்ன அண்ணே, காலங்காத்தால அண்ணியக் கூட்டிக்கிட்டு எங்க?" என்றான்.

"மாமியாருடா! வாயக் கழுவு!" என்று முருகேசு கத்தினார். பஸ்ஸே சிரித்தது. நான் முக்காட்டை மூக்குவரை இழுத்துவிட்டேன்.

அங்கிருந்து பூண்டுலோயாவுக்கு ஏழு மைல், பெரும்பாலும் ஏற்றம். ஏற்றத்தில் அவர் தள்ளினார், நான் பின்னால் நடந்தேன். சமதளம் வந்தால் ஏறிக்கொள்வேன். ஒன்பது மணிக்குக் கடைத்தெருவில் ரொட்டியும் சம்பலும் தின்றோம். ரொட்டி பத்துச் சதம், பால் இல்லாத தேத்தண்ணி பத்துச் சதம்.

"பேசக் கூடாதுன்னு பூசாரி சொன்னாரே, எங்கம்மாவா இருந்தா ரெண்டாவது மைல்லயே நெஞ்சு வெடிச்சுப் போயிருக்கும்" என்றார் முருகேசு. "அத்தைக்கு என்ன கஷ்டம்? நீங்க சும்மாவே பேசமாட்டீங்க."

பூண்டுலோயாவைத் தாண்டியதும் பனி இறங்கிவிட்டது. ரோட்டுக்கு இரண்டு பக்கமும் தேயிலைதான். ஆனால் முதல் இரண்டு வரிசைச் செடிகளுக்கு அப்பால் மலையே இல்லாததுபோல் இருந்தது. எங்கோ தலைக்கு மேலே வட்டகொடை ஸ்டேஷன் கோச்சி ஊதியது. கோச்சி ஆகாயத்தில் போகிறது என்றே தோன்றும். வழியில் ஒரு லயத்தைக் கடந்தோம். பத்துக் காம்பராவும் கதவு திறந்து கிடந்தன. அடுப்பில் புகை வந்தது. ஒரு ஆளைக் காணோம். எல்லாரும் கொழுந்து எடுக்க மலைக்குப் போயிருப்பார்கள். ஆனால் பிள்ளைச் சத்தமோ கோழிச் சத்தமோகூட இல்லை.

பதினொன்றரை மணிக்குப் பழைய தோட்டத்து எல்லைக்கு வந்தோம். முருகேசு சைக்கிளோடு ரோட்டில் நின்றுகொண்டார். நான் மட்டும் ஏழாம் நம்பர் மலைக்குள் ஏறினேன். நாற்பத்தைந்து வருடமாகிவிட்டது. கால் தானாக வழி கண்டுபிடிக்கும் என்று நம்பியிருந்தேன். கால் குழம்பியது. சின்ன வயதில் இல்லாத ஒரு வண்டிப் பாதை மலையைக் குறுக்கே வெட்டியிருந்தது. நான் அடையாளம் வைத்திருந்த சவுக்கு மரத்தின் அடிக்கட்டை மட்டும் இருந்தது. அதன் பக்கத்தில் மழைத் தண்ணீர் போகும் கான் இருந்தது. கானுக்குக் கீழ்ப்பக்கம், செடிகளுக்கு இடையே பாசி பிடித்த ஒரு கல்.

குனிந்து நின்று நினைவுபடுத்திக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் என்னைச் சுற்றிப் பெண்கள் நிற்கிறார்கள். பன்னிரண்டு பதின்மூன்று பேர் இருக்கும். தலையில் கூடைக் கயிறு, இடுப்பில் படங்குச் சாக்கு. கொழுந்து எடுத்துக்கொண்டு நிரை நிரையாக வந்தவர்கள் பனிக்குள் அப்படியே நின்றுவிட்டார்கள். வந்த காலடி எனக்குக் கேட்கவே இல்லை. ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. பின்னாலிருந்து கங்காணியின் குரல் மட்டும் வந்தது.

"யாரு அது மலைக்குள்ள? என்ன வேலை?"

"இங்க... எங்க அக்கா..." என்று தொடங்கினேன். அத்தனை கண்களும் என்மேல் இருந்தன. எனக்கு உடம்பு கூசியது. இனிமேல் நின்று தேட முடியாது என்று ஆகிவிட்டது. கல்லடியில் கையை விட்டு ஒரு பிடி மண்ணை அள்ளி மஞ்சள் துணியில் முடிந்தேன்.

அவர்களில் என் வயது மதிக்கத்தக்க ஒருத்தி கல்லைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள். ஏதோ கேட்க வாய் திறந்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டு இறங்கி வந்துவிட்டேன். மண் எடுத்தாகிவிட்டது, இனி பேச்சில்லை. பேச்சில்லாதது எனக்கு அப்போது எத்தனை நிம்மதியாக இருந்தது என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது.

திரும்பும் வழி இறக்கம். பிரேக்கை நம்ப முடியாதென்று முருகேசு ஒரு சவுக்குக் கிளையை வெட்டி, கயிற்றால் காரியருக்குப் பின்னால் கட்டினார். மலை ரோட்டில் சைக்கிள்காரர்கள் செய்வதுதான். கிளை தரையில் இழுபட்டு வேகத்தைப் பிடித்துக்கொள்ளும். சர், சர் என்று அது பின்னாலேயே வந்தது. புதுச் சீலை கட்டிய பெண் ஒருத்தி முந்தானை இழுபட நடந்து வருவதுபோல் ஒரு சத்தம்.

முதல் மைல் கல்லைத் தாண்டியபோது மேலே மலைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது. "ராசாத்தீ... ஏ ராசாத்தீ..."

"யாரோ புள்ளையத் தேடுறாங்க" என்றார் முருகேசு.

வளைவு திரும்பினோம். குரல் தூரப் போகவில்லை. இன்னொரு வளைவு. அதே குரல், அதே தூரத்தில். மடியில் இருந்த மூட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

அப்போதுதான் ரோட்டோரக் கானில் மழைத் தண்ணீர் செம்மண் நிறத்தில் ஓடுவதைப் பார்த்தேன். பார்த்ததும் என் அம்மா சொன்னது காதில் கேட்டது. குழி வெட்டப் போன அப்பாவிடம் அவள் அழுதுகொண்டே சொன்னாள்: "தண்ணி பாயாத பக்கமா வைங்க. கானுக்கு மேல வைங்க. புள்ள நனைஞ்சிரும்."

நான் எடுத்தது கானுக்குக் கீழே.

மேல்பக்கம் நான் ஏறியே பார்க்கவில்லை. அங்கே செடி மூடிய இன்னொரு கல் இருந்திருக்கும். மடியில் இருப்பது என் அக்காள் இல்லை. யாரோ பெற்ற பிள்ளை.

வாய்விட்டுச் சொல்ல முடியாது. திரும்பிப் பார்க்க முடியாது. முருகேசுவின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அவருக்கு அது வேறாகப் பட்டது. "பயப்படாதீங்க அத்தை, மெதுவாத்தான் போறேன்" என்றார். பின்னால் சர், சர் என்று வந்துகொண்டே இருந்தது.

ஒன்றரை மணிக்குப் பூண்டுலோயாத் தேத்தண்ணிக் கடை முன்னால் அவர் காலை ஊன்றினார். சத்தம் நின்றது. இறங்கிப் பின்னால் போனவர், "அடடே!" என்றார். "கிளை எங்க அத்தை? கயிறு மட்டுந்தான் தொங்குது. அறுந்து ரெண்டு மூணு மைல் இருக்கும்போல. அதான் கடைசி இறக்கத்துல பிடிக்கவே இல்ல. செத்துப் பொழைச்சோம்!"

அவர் காலை ஊன்றும்வரை எனக்கு அந்தச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

நான் வந்த வழியைக் கையால் காட்டினேன். அவர் என் முகத்தையே பார்த்தார். "மறுபடி மேல போகணுமா? எதையாவது விட்டுட்டு வந்துட்டீங்களா?" முன் பிரேக்கைப் பிடித்துப் பிடித்து அவர் உள்ளங்கை தோலுரிந்து சிவந்திருந்தது. இருந்தும் சொன்னார்: "சொல்லுங்க அத்தை. போகணும்னா போவோம். நம்ம புள்ள விசயம்."

தலையை ஆட்டினால் போதும். திரும்ப ஆறு மைல் ஏற்றம், அந்தப் பனி, அந்தப் பெண்கள், அந்தக் குரல். செல்லம்மா விளக்கைத் துடைத்து வைத்துக்கொண்டு வாசலில் காத்திருப்பாள் என்றும் நினைத்தேன். ஆனால் உண்மையில் என்னைத் தடுத்தது பயம்தான். இல்லை என்று தலையை அசைத்தேன்.

மாலை ஐந்து மணிக்கு லயம் வந்து சேர்ந்தோம். கல்லை நட்டு, அடியில் மண்ணை இட்டு, மஞ்சள் பூசி விளக்கேற்றினார்கள். பூசாரி இனிப் பேசலாம் என்றார். உடனே வீராயி கேட்டாள்.

"சம்பந்தி, எடம் சரியான எடந்தானே? பொண்ணு அழகம்மாதானே?"

மண் எடுத்ததிலிருந்து பேசாத வாயால் நான் சொன்ன முதல் சொல் பொய். "ஆமாங்க" என்றேன்.

மாசியில் பெண் குழந்தை பிறந்தது. பிறந்ததும் லயம் முழுக்கக் கேட்கும்படி அழுதது. ஒன்பதாம் நாள் இரவும் பகலும் நான் அதன் மூக்கருகே விரலை வைத்துக்கொண்டே இருந்தேன். பத்தாம் நாள் வந்தது. அது பால் குடித்தது. வீராயி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழகம்மா என்றே பெயர் வைத்தாள். இப்போது அதற்கு வயது ஒன்றே முக்கால். வாய் ஓயாமல் பேசுகிறது. அந்த விசயத்தில் அப்பத்தா வீராயியைக் கொண்டிருக்கிறது.

பிள்ளையைக் காப்பாற்றிக் கொடுத்தவள் யார் என்று எனக்குத் தெரியாது. வெள்ளிக்கிழமைகளில் எல்லாரும் "அழகம்மா, தாயே" என்று கும்பிடும்போது நான் கையை மட்டும் கூப்புகிறேன். தன்னுடையதல்லாத பெயருக்கு அவள் எப்படிச் செவி சாய்த்தாள், தன்னைத் தூக்கி வந்தவர்களுக்கு ஏன் நல்லது செய்தாள் என்று நினைக்கும்போது எனக்கு உடம்பு சிலிர்க்கிறது. எங்கள் லயத்துக்குப் பின்னால் வெயில் நன்றாக விழும், கோழி மேயும், பிள்ளைகள் ஓடும். அந்த மலையைவிட இது அவளுக்குப் பிடித்திருக்கிறதோ என்னவோ.

வருகிற தையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் அங்கே ஒரு பொங்கல் வைத்துவிட்டு வரலாம் என்கிறார் முருகேசு. இந்தத் தடவை சைக்கிள் வேண்டாம், பஸ்ஸிலேயே போகலாம் என்று சிரிக்கிறார். எனக்கு முட்டி வலி என்று சொல்லியிருக்கிறேன். முட்டியில் ஒரு வலியும் இல்லை. அங்கே போனால் கானுக்கு மேலே நான் விட்டுவந்த அக்காள் இருப்பாள். கானுக்குக் கீழே, அன்று ஏதோ கேட்க வாய் திறந்த அந்தப் பெண்பிள்ளை கூடையோடு நிற்பாள். இருவரில் யார் முகத்தை நான் முதலில் பார்ப்பது?