தொப்பிக்குக் கீழே வந்த வெயில்

மொட்டை மாடிகளுக்கு வெயிலைத் தடுக்கும் வெள்ளைப் பூச்சு அடிப்பது எங்கள் தொழில். என் தங்கை புருஷனும் நானும் இருபது வருஷமாக ஒன்றாகத்தான் வேலை செய்கிறோம். எல்லோருக்கும் அவன் 'தொப்பி'. விளிம்பு அகலமான தொப்பியில்லாமல் மாடிப்படி ஏறமாட்டான். நான் துண்டை மட்டும் சுற்றிக்கொண்டு போனால், "மச்சான், மண்டை வெந்துடும்" என்று நக்கலடிப்பான்.

இன்னொன்று, அவனுடைய விசில். மேலே நின்று ஒரு விசில் அடித்தால் கீழிருந்து வாளி ஏற வேண்டும். இரண்டு அடித்தால் நிற்க வேண்டும். சாயங்காலம் தெருமுனையிலேயே ஒரு விசில் கொடுப்பான். அவன் வந்து சேருவதற்குள் என் தங்கை கதவைத் திறந்து வைத்திருப்பாள்.

கீழுதட்டில் ஒரு புண் வந்து மூன்று மாதமாக ஆறவில்லை. "டீ சுட்டுடுச்சு, அவ்வளவுதான்" என்று மழுப்பினான். நான் ஒரு மடையன், ஒத்து ஊதினேன். தங்கைதான் ஒற்றைக்காலில் நின்று டாக்டரிடம் இழுத்துப் போனாள். துணைக்கு நானும் போனேன்.

டாக்டரம்மா எங்கள் வேலையைக் கேட்டுக்கொண்டார். "தொப்பி மேல வர்ற வெயிலைத்தானே தடுக்கும்? வெள்ளைத் தரையில பட்டு கீழேயிருந்து வர்றதுக்கு என்ன பண்றீங்க?"

அட கடவுளே! வெயிலைத் திருப்பி அனுப்பத்தான் அந்தப் பூச்சே. வீட்டுக்காரர்களிடம் மார்தட்டிச் சொல்கிறவர்கள் நாங்கள். திரும்புகிற வெயில் யார் மூஞ்சியில் அடிக்கும் என்று ஒரு நாள் யோசித்தோமா? என் மேலேயே எனக்கு ஆத்திரமாக வந்தது.

சோதனையில் புற்று என்று தெரிந்தது. நல்லவேளை, பரவவில்லை. உதட்டில் ஒரு துண்டை வெட்டி எடுத்துத் தைத்தார்கள். அவனுக்கு உயிர் மிஞ்சியது.

இரண்டு மாதம் கழித்து வேலைக்கு வந்தான். இப்போது இருவருக்கும் மூக்கிலிருந்து கழுத்துவரை துணி, கறுப்புக் கண்ணாடி, உதட்டுக்குக் களிம்பு. உச்சி வெயிலில் ரோலரைத் தொடுவதில்லை. வாளிக் கயிற்றில் ஒரு மணி கட்டினேன்.

"மாட்டு மணி மாதிரி இருக்கு மச்சான்" என்று சிரித்தான்.

அன்று சாயங்காலம் அவனோடு நானும் வீட்டுக்குப் போனேன். தெருமுனையில் பழக்கத்தில் உதட்டைக் குவித்தான். வெறும் காற்றுதான் வந்தது. நடந்துபோய்க் கதவைத் தட்டினான்.

உள்ளேயிருந்து என் தங்கை கேட்டாள்: "யாரு?"