மலைக்கு அந்தப் பக்கம் வெயில்

இடியக்காவின் ஒவ்வொரு காலையும் ஓர் உதையோடுதான் தொடங்கும். உதை வாங்குவது வாசற்கதவு.

உள்ளேயும் வெளியேயும் திறக்கும் கதவு, ஈரத்தில் ஊதிப்போயிருந்தது. கையால் தள்ளினால் அசையாது. தோளால் இடித்தால் முனகும். காலால் ஓங்கி ஒன்று வைத்தால்தான் வழிவிடும். அலமாரியும் அப்படி, மேஜை இழுப்பறையும் அப்படி. உப்பு ஜாடியைக் கவிழ்த்தால் உப்பு விழாது. தீக்குச்சி கிழித்தால் மருந்துதான் உதிரும். செருப்பைக் கழற்றிப் போட்டால் மறுவாரம் அதில் பச்சையாகப் பாசி பூத்திருக்கும்.

"இந்த வீட்டுல கதவுகூட ஒரு தடவை சொன்னா கேக்காது" என்பாள். அது கதவுக்குச் சொன்னதல்ல என்று இஸ்திரி மேஜைக்குப் பின்னால் நிற்கும் கணவருக்குத் தெரியும். தெரிந்தும் தெரியாதவர் போலச் சட்டைக் காலரைத் தேய்த்துக்கொண்டிருப்பார். அந்தத் தெருவில் அவளுக்கு இடியக்கா என்று பெயர் வைத்தவன் யாரோ, அவனுக்குக் காது நன்றாகக் கேட்டிருக்கிறது.

விதியின் விளையாட்டைப் பாருங்கள். மழையென்றால் உயிரையே விடுவேன் என்று இருந்தவள்தான் அவள். அது ஒரு தீவுக்கூட்டம்; அதில் இப்போது அவள் இருக்கும் பெரிய தீவுக்கு மட்டும்தான் மலை உண்டு. சுற்றிலும் இருப்பவையெல்லாம் தட்டைத் தீவுகள். கடலுக்கு நடுவே யாரோ கழுவி வைத்துவிட்டு மறந்துபோன தட்டுகள். அப்படி ஒரு தட்டில்தான் இடியக்கா பிறந்தாள். அங்கே உயரமான இடம் என்றால் தண்ணீர்த் தொட்டிதான். மேகங்கள் தலைக்கு மேலே வரும், அந்த ஊரில் நிறுத்தமில்லாத பஸ்ஸைப் போல நிற்காமல் போய்விடும். கோடையில் படகில் வரும் குடிதண்ணீருக்குக் குடத்தோடு நின்று அடிதடி நடத்தியே அவளுக்கு அந்தக் குரல் வளர்ந்தது. 'மழை பெய்யும் ஊரில் வாழ்க்கைப்பட வேண்டும்' என்று ஒரே ஒரு வரம் கேட்டாள். கேட்டவள் அளவு சொல்ல மறந்துவிட்டாள்.

கல்யாணமாகி வந்த அன்று தகரக் கூரையில் மழை விழும் சத்தம் கேட்டு அவள் ஆனந்தக் கண்ணீர் விட்டாள். கண்ணீர் காய்ந்துவிட்டது, மழை இன்னும் விடவில்லை.

காற்று எப்போதும் கிழக்கிலிருந்துதான் வரும். வரும்போது கடலின் ஈரத்தையெல்லாம் வாரிச் சுருட்டிக்கொண்டு வரும். குறுக்கே மலை. மேலே ஏற முடியாமல் மூச்சு வாங்கிய மேகம், கொண்டுவந்த பாரத்தையெல்லாம் இந்தப் பக்கத்திலேயே கொட்டிவிட்டு, வெறுங்கையோடு மலையைத் தாண்டும். அதனால் அந்தப் பக்கம் வெடித்த மண், முள்செடி, வருஷம் முழுக்க வெயில். ஒரே தீவு, ஒரே மலை. பஸ் கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி உச்சியைக் கடந்ததும் பயணிகள் குடையை மடக்கிவிட்டுத் தொப்பியைத் தேடுவார்கள்.

அவர்கள் நடத்தும் சலவைக் கடைக்கு இதைவிடக் கொடுமை உண்டா? இங்கே தண்ணீர் இருக்கிறது, வெயில் இல்லை. அங்கே வெயில் இருக்கிறது, தண்ணீர் இல்லை. அதற்கு அவள் கணவர் ஒரு வழி செய்திருந்தார். அந்தப் பக்கம் அவருடைய தங்கை இருக்கிறாள். புருஷனை இழந்தவள், பிள்ளையில்லை, வீட்டைச் சுற்றிப் பெரிய முற்றம். இங்கே துவைத்துப் பிழிந்த விடுதிப் படுக்கை விரிப்புகள் காலை பஸ்ஸில் மூட்டையாகப் போகும். அங்கே காய்ந்து, மடித்து, வெயில் வாசனையோடு திரும்பி வரும்.

மூட்டையோடு வார்த்தையும் போகும், வரும். சுமப்பவர் பஸ் டிரைவர்.

"அக்கா, உங்க நாத்தனார் சொல்லச் சொன்னாங்க. முடிச்சை இப்படி இறுக்கினா பல்லாலதான் அவுக்கணுமாம். பல்லு ரொம்ப பாக்கி இல்லையாம்."

"நாக்கு இருக்குல்ல? அதால அறுக்கச் சொல்லு. கத்தி தோத்துப்போகும்."

இப்படி விளையாட்டும் வினையுமாகப் போய்க்கொண்டிருந்த பேச்சில், மகளால் நெருப்பு விழுந்தது.

ஒரே மகள், பள்ளியில் படிக்கிறாள். அவளுக்கு இளைப்பு. சுவரில் பூக்கும் கரும்பூசணம் அவள் நெஞ்சிலும் பூத்துவிட்டதோ என்னவோ, மழை கனத்த நாட்களில் மூச்சு கிழிந்த துருத்தி மாதிரி இழுக்கும். டாக்டர் ஒளிவு மறைவில்லாமல் சொல்லிவிட்டார். "மருந்து கொடுக்கலாம்மா. ஆனா இந்த ஈரத்துல வச்சுக்கிட்டு கொடுத்தா, ஓட்டைக் குடத்துல தண்ணி ஊத்தற மாதிரி. அந்தப் பக்கம் சொந்தக்காரங்க இருக்காங்கதானே? அங்க தங்கிப் படிக்கட்டும்."

மறுநாளே டிரைவர் செய்தி கொண்டு வந்தார். "பொண்ணை அனுப்பச் சொன்னாங்க. நான் வச்சுக்கறேன்னாங்க."

"வச்சுக்கறாளாமா?" இடி இறங்கியது. "என் பொண்ணு என்ன அடகு நகையா, இவ வச்சுக்க? இல்ல துணி மூட்டையா, அங்க கொண்டுபோய்க் காயப்போட?"

அன்றிலிருந்து மூட்டை மட்டும்தான் போனது. பள்ளி திறக்கும் நாள் நெருங்கியது. அந்தப் பக்கத்துப் பள்ளியில் இடம் வேண்டுமானால் இந்த வாரமே சொல்லியாக வேண்டும். கணவர் தினமும் வாயைத் திறப்பார், அவள் முகத்தைப் பார்த்து மூடிக்கொள்வார். பிள்ளையில்லாதவள் வீட்டுக்குப் போன பிள்ளை திரும்பி வருமா? இருட்டிலும் ஈரத்திலும் உழலும் அம்மாவை அவளுக்கு நினைவிருக்குமா? இந்தப் பயத்தை அவள் யாரிடமும் சொல்லவில்லை. கதவை மட்டும் கூடுதலாக உதைத்தாள்.

ஒரு காலை கதவை உதைத்துத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். கண்ணைக் குத்தியது வெயில்!

வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. மலையின் உச்சி தெரிந்தது. அந்தத் தெருவில் பலர் அதைப் பார்த்து வெகுகாலமாகியிருந்தது. கணவர் வெளியே வந்து கையை நீட்டிப் பார்த்தார்.

"காத்து திரும்பியிருக்கு. மேக்கேர்ந்து வருது. தூரத்துக் கடல்ல எங்கயோ புயல் சுத்துது போல, காத்தை அது இழுக்குது. எப்பவாவது இப்படி நடக்கும்."

அவர் பேச்சு அவள் காதில் விழவில்லை. ஹார்ன் அடித்துக்கொண்டு வந்து நின்ற பஸ்ஸை நோக்கி இடுப்பில் கைவைத்து நின்றாள்.

"இன்னைக்கு மூட்டை கிடையாது! போய்ச் சொல்லு, வெயில் ஒண்ணும் அவ வீட்டுச் சொத்தில்லைன்னு. இங்கயும் அடிக்குது. பொண்ணும் வரமாட்டா, பள்ளிக்கூடமும் வேணாம். முடிஞ்சுபோச்சு."

"அம்மா, ஒரு நாள் வெயில்மா" என்றாள் மகள் பின்னாலிருந்து.

"ஒரு நாள்ல ஆரம்பிக்காம எது ஆரம்பிக்கும்? போ, கொடிக் கயிறு எடுத்துட்டு வா."

கொடி கட்டியாயிற்று. விரிப்புகள் வெள்ளை வெளேரென்று பறந்தன. ஆனால் இந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டு வந்ததிலிருந்து வெயிலில் துணி காயப்போடும் பழக்கமே அவளுக்கு விட்டுப்போயிற்றே! தரையில் கொஞ்சம் நிழல் ஓடினாலும் போதும், "ஐயோ மழை!" என்று பாய்ந்து எல்லாவற்றையும் உருவிக்கொண்டு உள்ளே ஓடுவாள். வெயில் மறுபடி சிரிக்கும். மறுபடி கொண்டுவந்து போடுவாள்.

"அடியே, நீ ஓடினது கொக்கு நிழலைப் பாத்துடி" என்றார் கணவர்.

"கொக்கு வந்தா பின்னாடி மேகம் வராதா?"

மதியம் பஸ் திரும்பியது. கூரையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட வந்தது பஸ். கதவு திறந்து, தலையில் பெரிய மூட்டையோடு ஒருத்தி இறங்கினாள். தலைமுடி கன்னத்தில் ஒட்டியிருந்தது. முழங்கால் வரை சேறு.

"அண்ணி..."

நாத்தனார்! இடியக்கா வாயடைத்து நின்ற முதல் நாள் அதுதான்.

"நேத்து நீங்க அனுப்பின துணிதான் அண்ணி. கனமா இருந்துதுன்னு ராத்திரியும் கொடியிலயே விட்டேன். காலைல கொட்டு கொட்டுன்னு கொட்டிருச்சு."

"மழை வந்தா எடுக்க மாட்டியா?"

நாத்தனார் விழித்தாள். "எடுக்கணும்னு தோணலையே அண்ணி. எங்க ஊர்ல துணியை எடுக்கறதுன்னா காஞ்சப்புறம்தான். அக்கம்பக்கத்துல எல்லாரும் வாசல்ல வந்து நின்னு மழையை வேடிக்கை பாத்தோம். நானும் பாத்தேன். நனைஞ்சது முழுக்க ஊரார் துணின்னு அப்புறம்தான் உறைச்சுது. மொட்டைக் கூரை, தண்ணி போக வழியில்ல, வீட்டுக்குள்ள வேற இறங்குது..."

"வேடிக்கை பாத்தாளாம் வேடிக்கை! படிச்சுப் படிச்சுச் சொன்னேன் இவரு கிட்ட, உங்க தங்கச்சிக்குத் துணியும் தெரியாது, மழையும் தெரியாதுன்னு." திட்டிக்கொண்டே தன் முந்தானையால் நாத்தனாரின் தலையைத் துவட்டினாள் இடியக்கா. வீடு ஒழுகும்போதும் தன் பெட்டியைத் தூக்காமல், கடைத் துணியைத் தூக்கிக்கொண்டு மலை ஏறி வந்திருக்கிறாளே பாவி!

இருவரும் சேர்ந்து விரிப்புகளைப் பிழிந்து போட்டார்கள். நிழல் ஓடும்போதெல்லாம் ஒருத்தி ஓடினாள், ஒருத்தி அசையாமல் நின்றாள். மகள் இருவரையும் பார்த்துச் சிரித்த சிரிப்பில் மூச்சு தடைபடவே இல்லை. அதை இடியக்கா கவனித்தாள். கவனிக்காதது போல இருந்தாள்.

உடை மாற்ற மகளின் அறைக்குப் போன நாத்தனார், முகம் மாறி வெளியே வந்தாள். சுவரெல்லாம் கருப்பு. தலையணையைத் தொட்டால் ஈரம்.

மாலையில் கொக்கு இல்லாமலே நிழல் வந்தது. காற்று பழைய வழிக்குத் திரும்பிவிட்டது. மலை உச்சியை மேகம் விழுங்கியது, பிறகு காட்டை, பிறகு தெருமுனையை. "எடு! எடு!" என்று இடி முழங்க எல்லாரும் துணிகளை வாரினார்கள். கை நிறைய விரிப்புகளோடு ஓடிவந்த மகள் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்தச் சத்தம் தொடங்கியது. கிழிந்த துருத்தி.

நாத்தனார் அவளை நிமிர்த்தித் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டாள். கணவர் இளைப்பு மருந்தை அவள் வாயில் பீய்ச்சினார். இடியக்கா காய்ந்த துணிகளை அணைத்தபடி நின்றாள். காய்ந்துவிட்டன, எல்லாமே காய்ந்துவிட்டன. அதனால் என்ன பயன்?

"அண்ணி, என்மேல கோவம்னா என்னைத் திட்டுங்க. எவ்வளவு வேணா திட்டுங்க" என்றாள் நாத்தனார் மெல்ல. "இவ மூச்சு மேல எதுக்குக் காட்டறீங்க?"

ஊசி விழுந்தால் கேட்கும் என்று எழுத ஆசைதான். மழை பிடித்துக்கொண்டதே, எங்கே கேட்பது!

இடியக்கா விடுவிடுவென்று உள்ளே போனாள். அலமாரியை இழுத்தாள். திறக்கவில்லை. உதைத்தாள். திறக்கவில்லை. "சனியனே, உனக்குமா அவளை அனுப்ப மனசில்ல?" என்று கத்தியபோது குரல் உடைந்தது. கணவர் வந்து தோளால் இடித்துத் திறந்துகொடுத்தார். மகளின் பாவாடை, சட்டை, புத்தகம், அறைக்குள் கொடியில் இன்னும் ஈரமாக இருந்த சீருடை, எல்லாவற்றையும் ஒரு விரிப்பில் கொட்டினாள். முடிச்சுப் போடும்போது மட்டும் கொஞ்சம் யோசித்து, தளர்வாகப் போட்டாள்.

கடைசி பஸ் காத்திருந்தது. மகள் ஜன்னலோரம், அத்தையின் தோளில். டிரைவர் வண்டியைக் கிளப்பினார். பழக்கதோஷம், இடியக்கா தினமும் கத்துவதைக் கத்திவிட்டாள்.

"காஞ்சதும் திருப்பி அனுப்பிடணும்!"

பஸ்ஸில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"துணியைச் சொன்னேன்!" என்றாள் எரிச்சலாக, கண்ணைத் துடைத்துக்கொண்டே.

"ஞாயித்துக்கிழமை பஸ்ல ரெண்டையும் கூட்டிட்டு வரேன் அண்ணி" என்று ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "கதவை மட்டும் திறந்து வைங்க!"

பஸ் முதல் வளைவிலேயே மேகத்துக்குள் மறைந்தது. நனைந்துகொண்டே வீட்டுக்கு வந்த இடியக்கா, சாத்தியிருந்த வாசற்கதவை வழக்கம்போல ஓங்கி உதைத்தாள்.

பகலெல்லாம் வெயில் குடித்துச் சுருங்கியிருந்த கதவு ஒரே அடியில் பறந்து திறந்தது. உதைத்த வேகத்தில் அவள் கூடத்தின் நடுவே போய் உட்கார்ந்தாள். கணவர் இஸ்திரிப் பெட்டியை வைத்துவிட்டு ஓடி வந்தார்.

"அடிபட்டுதா?"

"இந்தக் கதவைக்கூட நம்ப முடியலையே!" என்று சொல்லி, அன்று முழுவதும் அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அங்கேயே உட்கார்ந்து அழுது தீர்த்தாள் இடியக்கா. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, துடைத்துக்கொள்ள ஒரு விரிப்பை நீட்டினார்.

"விடுதித் துணிங்க அது" என்று விம்மலுக்கு நடுவே திட்டினாள். "கறை பட்டா மறுபடி யார் துவைக்கறது?"