அட்டையில் உப்பு

நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்புத்தான். கறிக்குப் போடுகிற உப்பு.

பழுதான சாமானை நாக்கில் வைப்பது நல்ல பழக்கமில்லை. பூதக்கண்ணாடிக்கு அடியில் பார்த்ததை நம்ப முடியாமல்தான் அப்படிச் செய்தேன். பதுளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஒரு புடவைக்கடையின் ஓரத்தில் மேசை போட்டு, போன், ரேடியோ, டிவி ரிமோட் என்று திருத்திக்கொண்டிருக்கிறேன். இந்த மலை ஈரத்தில் எந்தப் போர்டிலும் கொஞ்சம் நாள் போனால் உப்புப் பூக்கும். எங்கள் தொழிலில் அப்படித்தான் சொல்வோம். ஈயம் வைத்த இடங்களில் பச்சையாகவோ வெள்ளையாகவோ மாவு மாதிரிப் படியும். ஆனால் அது பெயருக்குத்தான் உப்பு. இந்தப் போர்டில் கிடந்தவை சின்னச் சின்னச் சதுரக் கட்டிகள். சில கரைந்து, சிப்புகளின் கால்களுக்கு இடையில் ஈரமாகத் தேங்கி நின்றன. யாரோ மேலிருந்து தூவியது போலிருந்தது.

போர்டைக் கொண்டுவந்த பெண் எதிரில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். ஸ்பிரிங்வெளிப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுப்பவர். அன்று காலைப் பெரட்டில் பேர் கொடுத்து வேலைக்குப் போகாமல், முதல் பஸ்ஸைப் பிடித்து வந்திருந்தார். துவாயில் சுற்றிய போர்டை மேசையில் வைத்து, "அண்ணே, இதுக்கு உயிர் இருக்கா பாருங்க" என்றார்.

உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் குட்டிக் கம்ப்யூட்டர் அது. அவருடைய தம்பி கொழும்பில் வேலை செய்துகொண்டே கம்ப்யூட்டர் படிக்கிறவர். போன முறை வீட்டுக்கு வந்தபோது, பழைய ஃபிரிட்ஜ் கூடு ஒன்றுக்குள் பல்பும் சின்னக் காற்றாடியும் வைத்து, சூட்டைப் பார்த்துப் பல்பைப் போடவும் அணைக்கவும் இந்தப் போர்டைப் பூட்டி, அக்காவுக்குக் குஞ்சு பொரிக்கிற பெட்டி செய்து கொடுத்திருக்கிறார்.

"லயத்துல எல்லாரும் சிரிச்சாங்கண்ணே. கோழி இல்லாம குஞ்சு வருமான்னு. பொறகு ஒவ்வொருத்தரா முட்டைய கொண்டாந்து குடுத்துட்டாங்க. யாரு முட்டைன்னு தெரியணுமில்ல, பென்சில்ல அடையாளம் போட்டு வச்சிருக்கேன். பாதி நாளு தாண்டிருச்சு. இப்ப இது செத்துப்போச்சு."

"இப்ப முட்டைங்க?" என்று கேட்டேன்.

"வீட்டுக்காரரு தண்ணி ஓடுற கானுல வழுக்கி விழுந்து காலு வீங்கிக் கெடக்காரு. அவர பெட்டிக்கு முன்னால ஒக்கார வச்சிட்டு வந்திருக்கேன். சூட்டுமானிய பாத்துப் பாத்துப் பல்ப போட்டு அணைக்கணும். தூங்கிட்டாருன்னா முட்டையெல்லாம் அவிஞ்சிரும்."

இந்த உப்பு எப்படி வந்தது என்று கேட்க வாய் வரவில்லை. மனிதர்களிடம் கேள்வி கேட்பது எனக்கு எப்போதுமே கஷ்டம். சாமானிடம் கேட்பது சுலபம். அதனால் நானே யோசித்துக்கொண்டேன். கருவாட்டுப் பொட்டலத்துக்குப் பக்கத்தில் வைத்திருப்பார்களோ? மேலே தட்டில் உப்பு டப்பா இருந்து கவிழ்ந்திருக்குமோ? ஃபிரிட்ஜ் கூட்டுக்குள் இருக்கிற போர்டில் அது எப்படிக் கவிழும்?

ஸ்பிரிட் தொட்ட பிரஷ்ஷால் போர்டை இரண்டு பக்கமும் தேய்த்துக் கழுவினேன். காய்ந்ததும் கரன்ட் கொடுத்தேன். ஒரு லைட்டும் எரியவில்லை. மீட்டரை வைத்துப் பார்த்தால் வாசல் வரைக்கும் ஐந்து வோல்ட் வருகிறது. அதை மூன்றே காலுக்குச் சற்று மேலே குறைத்து மற்ற எல்லாவற்றுக்கும் பிரித்துக் கொடுக்க வேண்டிய இடத்துக்கு அப்பால் ஒன்றுமே இல்லை.

வேலை எந்த இடத்தில் நிற்கிறது என்று கண்டுபிடிக்க எனக்கு ஒரு வழி உண்டு. போர்டு முழுக்க ஸ்பிரிட்டை மெல்லியதாகத் தடவிவிட்டுக் கரன்ட் கொடுப்பேன். எது முதலில் காய்கிறதோ அதுதான் சுடுகிறது. அன்றைக்குப் பார்த்துக்கொண்டே இருந்தபோது, ஓரத்தில் அரைப் பருக்கை அளவுக்கு இருந்த ஐந்து கால் சிப் ஒன்றைச் சுற்றி வட்டமாகக் காய்ந்தது. விரலை வைத்தேன், சுட்டது. அந்தப் பெண்ணும் எட்டிப் பார்த்தார்.

"இம்புட்டுக்காணும் சாமானா இவ்வளவு வேலையையும் கெடுத்திச்சு?"

"இருங்க தங்கச்சி. இது கெட்டதால சுடுதா, இதுக்கு அந்தாண்ட வேற ஒண்ணு கெட்டு இதப் போட்டு இழுக்குதான்னு பாக்கணும்."

அன்று நான் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். சூடான காற்றடித்து அந்தச் சிப்பைக் கழற்றி எடுத்தேன். காலியான இடத்தில் மீட்டரை வைத்தேன். அந்தப் பக்கம் எதுவும் ஷார்ட்டாகி ஒட்டிப்போய்க் கிடக்கவில்லை. பிறகு என்னுடைய பெட்டியிலிருந்து வயர் பிடித்து, சிப் கொடுக்க வேண்டிய கரன்ட்டை நானே நேராகக் கொடுத்தேன். ஓரத்திலிருந்த பச்சை லைட் ஒரு முறை எரிந்து, அணைந்து, பிறகு படபடவென்று துடித்தது.

"உயிர் இருக்கு" என்று அவரே சொன்னார்.

போனது அந்தச் சிப் ஒன்றுதான். ஆனால் அதே சிப் என்னிடம் கிடையாது. அதன் முதுகில் எழுதியிருந்ததையும் உப்புத் தண்ணீர் தின்றுவிட்டது. நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இங்கிலீஷ் எழுத்துகளை வாசிப்பதைவிடப் படம் மாதிரி பார்த்து ஞாபகம் வைத்துக்கொள்வதுதான் அதிகம். எனக்குத் தேவையான படம் முப்பத்து மூன்று. எங்கேயாவது சிப்பின் முதுகில் கடைசியில் அந்த எண் இருந்தால், அது மூன்று புள்ளி மூன்று வோல்ட் கொடுக்கிற சிப். தூக்கிப் போட்ட இன்டர்நெட் பெட்டிகளைக் கூடையில் சேர்த்து வைத்திருக்கிறேன். மூன்றாவது பெட்டியைத் திறந்தபோது கிடைத்தது. ஆனால் அது மூன்று கால் சிப், அளவிலும் பெரியது. பழைய இடத்தில் உட்காராது. எந்தக் கால் வாங்குகிறது, எந்தக் கால் கொடுக்கிறது என்று மீட்டரால் தொட்டுத் தொட்டு உறுதி செய்துகொண்டு, முடி போன்ற வயரில் தொங்கவிட்டு ஈயம் வைத்தேன். ஆடாமலிருக்க ஓரத்தில் பசை வைத்து ஒட்டினேன். சூட்டைப் பார்க்கிற வயரைப் போர்டில் செருகுகிற இடத்தில் நிஜமாகவே பச்சை பூத்திருந்தது. அதையும் சுரண்டிச் சுத்தம் செய்தேன்.

மறுபடி கரன்ட் கொடுத்ததும் லைட் துடித்தது.

"அண்ணே, நீங்களும் வந்து பூட்டிக் குடுத்துட்டு வந்துருங்களேன். எங்க ரெண்டு பேருக்கும் வயர் எது எதுன்னு தெரியாது" என்றார்.

யார் வீட்டுக்கும் போய்ப் பழக்கமில்லாதவன் நான். முன்பின் தெரியாத வீட்டில் டீக் கோப்பையைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே பார்ப்பது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே வேர்க்கும். ஆனாலும் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். முட்டைகளுக்காக மட்டும் என்று சொன்னால் பொய். அந்த உப்பு எனக்குள் கிடந்து குடைந்தது.

பஸ்ஸை விட்டு இறங்கித் தேயிலைக்கு நடுவே ஏறினால், ஒரே கூரைக்கடியில் வரிசை வீடுகளாக லயம். அவர்களுடைய ஒற்றை அறைக் காம்பராவுக்குள் அவருடைய கணவர் வீங்கிய காலை நீட்டி, சுவிட்சில் ஒரு கையும் சூட்டுமானியில் கண்ணுமாக உட்கார்ந்திருந்தார். எங்களைக் கண்டதும் எழுந்திருக்கவில்லை.

"வாங்கண்ணே. நான் எந்திரிக்கக் கூடாது, அடையில இருக்கேன்" என்றார். மனைவியைப் பார்த்து, "இனிமே என்னைய வீட்டுக்காரருன்னு சொல்லாத. பெட்டைக்கோழின்னு சொல்லு. பக்கத்து வீட்டுல அப்பிடித்தான் கூப்பிடுறாங்க" என்றார்.

"சூடு எறங்கினிச்சா?"

"ரெண்டு தடவ எறங்கிருச்சு. கண்ணு சொருகிருச்சுடி. பொய் சொல்ல மாட்டேன்."

அந்தப் பெண்ணின் முகம் மாறியது.

போர்டைப் பெட்டியில் பூட்டினேன். கொஞ்சநேரம் யோசித்துவிட்டு அது வேலையைத் தொடங்கியது. டக்கென்று ஒரு சத்தம், பல்பு எரிந்தது. சூடு ஏறியதும் இன்னொரு டக், பல்பு அணைந்தது. கணவர் சுவிட்சிலிருந்து கையை எடுத்து விரல்களை நீட்டி மடக்கினார். அந்தப் பெண் தம்பிக்குப் போன் போட்டுச் சத்தமாக வைத்தார்.

"அக்கா, ஓடுதா? நான் சொன்னது சரிதானா? அட்டையில உப்புப் பூத்திருந்திச்சா?"

"பூத்திருந்திச்சாவா? பல்பு விட்டு விட்டு எரியுதுன்னு போன் போட்டப்ப நீதானடா அட்டைக்கு உப்புன்னு சொன்ன. அட்டைய தேடித் தேடிப் பாத்தேன், கண்ணுல படல. எங்கயாச்சும் ஒளிஞ்சிருக்கும்னு ஒரு புடி உப்ப நல்லா தூவி விட்டேன்."

எனக்குத்தான் முதலில் விளங்கியது. எனக்குச் சிரிப்பு வருவது அபூர்வம். வாயைப் பொத்திக்கொண்டு பெட்டியின் பக்கம் திரும்பிக்கொண்டேன். இந்த மலையில் அட்டை என்றால் ஒன்றே ஒன்றுதான். காலில் ஏறி இரத்தம் குடிக்கிற அட்டை. அதற்கு மருந்தும் ஒன்றுதான். ஈரமுள்ள பெட்டிக்குள் ஒன்று புகுந்துவிட்டது என்று நினைத்ததில் என்ன தப்பு?

"அக்கா! நான் சொன்னது போர்டு! போர்டத்தான் அட்டைன்னு சொன்னேன்! அதுல உப்புப் பூத்திருக்கான்னு பாருன்னு சொன்னேன்!"

"போர்டுன்னா போர்டுன்னு சொல்லித் தொலைய வேண்டியதுதானே?"

"இங்க வகுப்புல தமிழ்ல அட்டைன்னுதான் சொல்லிக் குடுக்கிறாங்க…"

"சிக்னலும் இல்ல, அட்டை, உப்புங்கிற ரெண்டுதான் கேட்டிச்சு!"

கணவர் காலைப் பிடித்துக்கொண்டு உருண்டு சிரித்தார். "மாப்பிள, ஒங்க அக்கா ஒங்க கம்ப்யூட்டர ஊறுகா போட்டுட்டா!"

அந்தப் பெண்ணும் சிரித்தார். ஆனால் சீக்கிரமே நின்றுவிட்டது. என்னைப் பார்த்தார்.

"அப்ப நான் போட்ட உப்புத்தானா அந்தச் சிப்ப கொன்னுச்சு?"

எனக்குப் பொய் சொல்ல வரவில்லை. "பெட்டிக்குள்ள ஈரத்துக்குத் தண்ணி வச்சிருக்கீங்க. அந்த ஈரத்துல உப்பு கரைஞ்சிருச்சு. அதுதான்" என்றேன்.

அவர் பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே ஒன்றிரண்டைத் தவிர ஒவ்வொரு முட்டையிலும் பென்சில் கோடு. வட்டம் ஒரு வீடு, பெருக்கல் குறி ஒரு வீடு, இரட்டைக் கோடு ஒரு வீடு. அத்தனை வீட்டுக்கும் பதில் சொல்ல வேண்டியவர் அவர்.

"உயிர் இருக்கான்னு எப்பிடித் தெரியும்?" என்று நான்தான் கேட்டேன். என்னை அறியாமலே வந்துவிட்டது.

"இருட்டுல லைட்டு அடிச்சுப் பாக்கலாம்" என்று போனிலிருந்து தம்பி சொன்னார்.

நடுப்பகல். காம்பராவில் இருட்டுக்கு எங்கே போவது? கணவர் கம்பளியை எடுத்துத் தலையோடு போர்த்திக்கொண்டார். "அண்ணே, வெக்கப்படாம தலைய உள்ள விடுங்க. லைட்ட நீங்கதான் புடிக்கணும், என் கை சுவிட்ச அமுக்கி அமுக்கி மரத்துப்போச்சு."

மூன்று தலைகள் ஒரு கம்பளிக்குள். நான் என் போன் லைட்டைப் பிடித்தேன். அந்தப் பெண் முட்டையை அதன்மேல் வைத்தார். வெளிச்சம் முட்டைக்குள் சிவப்பாக ஏறியது. நூல்நூலாக நரம்புகள் ஒரு பக்கத்திலிருந்து கிளம்பிப் பரவியிருந்தன. நடுவில் ஒரு கறுப்பு. ஆனால் அது அசையவில்லை.

"இது என்னோடது. அடையாளம் போடாத முட்டை. இருக்கட்டும்" என்று தனியாக வைத்தார்.

அடுத்து வட்டம் போட்டது. அதே நரம்புகள், அதே கறுப்பு. லைட்டை ஆட்டாமல் பிடித்திருந்தேன். திடீரென்று அந்தக் கறுப்பு உள்ளே ஒரு பக்கமாக உதைத்துப் புரண்டது. என் கை ஆடிவிட்டது.

"அண்ணே, லைட்ட நேரா புடிங்க!"

"பாத்தீங்களா?" என்றேன். "பாத்தீங்களா?" என்று மறுபடியும் கேட்டேன்.

சிப்பும் லைட்டும் ஓடுவதை இத்தனை வருஷமாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இப்படி ஒன்று, ஓட்டுக்குள் தன்பாட்டுக்கு அசைவதைப் பார்த்ததில்லை. எல்லா முட்டையையும் பார்க்க வேண்டும் என்று நானே சொன்னேன். பார்த்தோம். எனக்குக் கொடுத்த டீ நடுவில் ஆறிப்போனது. அசையாதவை ஒருசில. மற்றதெல்லாம் அசைந்தன. கடைசியில், தனியாக வைத்த முதல் முட்டையையும் இன்னொரு முறை பார்க்கலாமா என்று கேட்டேன். அப்போதும் அது அசையவில்லை. ஆனாலும் அதைப் பெட்டிக்குள்ளேயே திரும்ப வைத்தார்.

கொஞ்ச நாள் கழித்து ஒரு காலை, மேசையிலிருந்த என் போன் அடித்தது. தெரியாத நம்பர் என்றால் எடுக்கத் தயங்குவேன். எடுத்தேன்.

"அண்ணே, கேக்குதா?"

அவ்வளவுதான் சொன்னார். பிறகு போனைப் பெட்டிக்குள் நீட்டிவிட்டார் போலிருக்கிறது. கீச்கீச்சென்று ஒரே சத்தம். ஒன்றா இரண்டா என்று பிரித்தறிய முடியாத சத்தம். நடுவில் டக்கென்று, பல்பைப் போட்டு அணைக்கிற ரிலேயின் சத்தமும் கேட்டது. பதில் ஏதும் சொல்லத் தேவையில்லாத போன் அது. காதில் அழுத்தி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

புடவைக்கடை முதலாளி எட்டிப் பார்த்தார். "என்னப்பா, இவ்வளவு நேரம்? நீ யாரோடயும் பேசவே மாட்டியே. யாரு போன்ல?"

"கோழிக்குஞ்சுங்க" என்றேன்.